பிறேக் இல்லாத வழிகாட்டி

உப்புவெளிப் பேணாட் வருகிறார் என்பது கன்னியா வீதிப் பெண்களுக்கு மூன்று தவணையாகத் தெரியவரும். முதலில் சைக்கிளில் கட்டிய றப்பர்க் குழல் 'பாம் பாம்' என்று கத்தும். அடுத்து பேணாட்டின் குரல் கேட்கும். மீன் மணம் வந்து சேருவது அதற்கும் பிறகுதான். அவருடைய குரல் காற்றை எதிர்த்துக்கூட ஒரு மைல் போகும் என்று மனைவி மரியம்மா சொல்லுவாள். அதை அவர் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டார்.

விடிய முன்னம் கரையில் மீன் எடுத்து, பெட்டியைக் கரியரில் வைத்துத் தும்புக் கயிற்றால் இறுக்கி, அநுராதபுரச் சந்தி தாண்டிக் கன்னியா, சில நாள் பன்குளம்வரைகூட மிதிப்பார். இருபது வருடம் அப்படி மிதித்ததில் நாற்பத்திரண்டு வயதிலும் அவருடைய கெண்டைக்கால் இரண்டும் உலக்கை போல இருந்தன. சைக்கிளுக்குத்தான் அந்த ஆரோக்கியம் இல்லை. பெட்டியிலிருந்து சொட்டும் உப்புத் தண்ணீர் பிறேக் கம்பிகளை மாதக் கணக்கில் தின்றுவிடும். ஆகவே உப்புவெளி மீன்காரர் எல்லாரும் செய்கிறதை அவரும் செய்தார். பிறேக்கைக் கழற்றி எறிந்தார், முன் சில்லை மூடுகிற மட்காட்டையும் கழற்றினார். நிற்க வேண்டுமென்றால் வலது காலைத் தூக்கி, செருப்பை முன் டயரில் அமர்த்துவார். மணலும் சமதரையுமான ஊரில் அது போதும். பிறேக் என்ற ஒரு சாமான் உலகத்தில் எதற்காக இருக்கிறது என்பதே அவருக்குக் காலப்போக்கில் மறந்துபோயிற்று.

மீன் வெட்டும்போது பேணாட் கதை சொல்லுவார். அவரிடம் கதை ஒன்றுதான் இருந்தது. அது அவர் தனியாகக் கண்டிக்குச் சைக்கிளில் போன கதை. மலை எப்படி வளைந்து வளைந்து வானத்துக்குப் போகிறது, உச்சியில் ஒரு கிணறு, அதில் பல்லுக் கூசுகிற தண்ணீர், வழியில் மறித்த யானை என்று வெளுத்து வாங்குவார். யானை ஆரம்பத்தில் ஒன்றாக இருந்தது. பத்து வருடத்தில் அது மூன்றாகக் குட்டி போட்டது.

உண்மை என்னவென்றால், பேணாட் கந்தளாய்க்கு அப்பால் காலடி வைத்ததில்லை.

இந்தப் பொய்க்கு ஒரு பிறந்த நாள் உண்டு. 1950ஆம் ஆண்டு, மரியம்மாவின் தகப்பன் சூசைப்பிள்ளை, "சைக்கிளில மீன் கொண்டு திரியிறவனுக்கோ என்ர பிள்ளை?" என்று பெண் கேட்டுப் போனவர்களைத் திருப்பி அனுப்பினார். பேணாட்டுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், புல்மோட்டைக் கரையில் மீன்காரர் தங்குகிற ஒரு வாடியில் ஒன்பது நாள் யாரோடும் கதைக்காமல் கிடந்தார். பத்தாம் நாள் மனம் பொறுக்காமல் நேரே சூசைப்பிள்ளையின் வீட்டு வளவுக்கே வந்து இறங்கினார். "எங்கையடா போய்த் துலைஞ்சனி?" என்று கிழவர் கேட்டார். "புல்மோட்டையில் குந்தி அழுதேன்" என்று எந்த மாப்பிள்ளை சொல்லுவான்? "கண்டிக்கு" என்று வாயில் வந்துவிட்டது.

"சைக்கிளிலயோ?"

"சைக்கிளில."

சூசைப்பிள்ளை அப்படியே ஆடிப்போனார். தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்த மரியம்மா பேணாட்டின் முகத்தைப் பார்க்கவில்லை, சைக்கிளையே மேலும் கீழும் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்டிக்குப் போய்வந்த சைக்கிளை மெச்சுகிறாள் என்று பேணாட் நெஞ்சை நிமிர்த்தினார். அந்தக் கிழமையே சம்மதம் வந்தது. கண்டிதான் தனக்குப் பெண் வாங்கித் தந்தது என்று அன்றிலிருந்து நம்பினார். நம்பினதாலேயே பயமும் கூடவே இருந்தது. சூசைப்பிள்ளை காலமாகிவிட்டார். ஆனால் மரியம்மாவுக்கு இது பொய்யென்று தெரிந்த நாளில் அவள் தன்னை எந்தக் கண்ணால் பார்ப்பாள்?

1966 மாசி மாதம் அந்த நாள் வந்து வாசலில் நின்றது. துறைமுகத் தொழிலாளர் சைக்கிள் கழகத்தின் செயலாளர் சின்னராசா, கழுத்தில் விசிலும் கையில் கொப்பியுமாக வந்தார். துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். மூச்சுவிடுவதற்கும் நேர அட்டவணை போடுகிற மனிதர்.

"பேணாட் அண்ணை, கழகத்தால கண்டிக்குச் சைக்கிள் பயணம் ஒண்டு போறம். மூண்டு நாள். வழி தெரிஞ்ச ஆள் ஊரிலை நீங்கள் ஒராள்தானாம். நீங்கள்தான் முன்னுக்குப் போகோணும்."

பேணாட் வாயைத் திறந்தார். மீன் வாயைத் திறக்கிற மாதிரித்தான், சத்தம் வரவில்லை. கடைசியில், "எனக்கு வியாபாரம் எல்லே கிடக்கு..." என்று இழுத்தார்.

குசினிக்குள் இருந்து மரியம்மாவின் குரல் வந்தது. "ஒரு கிழமை மீன் விக்காட்டில் ஊர் பட்டினி கிடக்காது. போட்டு வாங்கோ. தெரிஞ்ச வழிதானே!"

போதாக்குறைக்கு அவளுடைய தம்பி இக்னேசியஸும் அந்தப் பயணத்தில் வருகிறானாம். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிறவன், இருபத்துமூன்று வயது. சின்ன வயதில் "எங்கட அத்தான் கண்டிக்குப் போனவர்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அடிபட்டு வந்தவன். அவன் கண்ணால் கண்டால் அக்காவின் காதுக்குப் போக எவ்வளவு நேரம்?

ஆறு பேர் புறப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான, கிண்ணியாவில் சைக்கிள் திருத்துகிற முனாப் முதல்நாளே வந்து எல்லாச் சைக்கிளையும் ஆணி ஆணியாகப் பார்த்தார். பேணாட்டின் சைக்கிளில் கை வைக்கப் போனதும், "வழி காட்டப் போறவன்ர சைக்கிளையோ சோதிக்கிறீர்?" என்று பேணாட் முறுக்கினார். முனாப் மரியாதை தெரிந்த மனிதர், விட்டுவிட்டார். பெட்டியை மட்டும் இறக்கி வைத்துவிட்டு, கயிற்றைக் கரியரிலேயே சுற்றியபடி பேணாட் கிளம்பினார்.

முதல் இரண்டு நாளும் ஆண்டவர் புண்ணியத்தில் ஒழுங்காகப் போயிற்று. கபறணை, தம்புள்ளை என்று வீதி தானாகவே கூட்டிக்கொண்டு போனது. மைல்கல்லை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "இன்னும் எட்டு மைல் வரும்" என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டு போனார். இரண்டாம் இரவு நாலந்தையில் தங்கினார்கள். மூன்றாம் நாள் விடிய எழும்பிப் பார்த்தால், தெற்கே மலை நின்றது. ஒன்றன் பின் ஒன்றாக, நீலமாக, பேணாட்டின் கதையில் இருந்ததைவிடப் பெரிதாக நின்றது. குளிரில் எல்லாருக்கும் பல் கிட்டியது. பேணாட்டுக்குக் குளிரால் மட்டும் கிட்டவில்லை.

சின்னராசா விசில் ஊதினார். "கண்டியில நாங்கள் தங்கிற பள்ளிக்கூடத்து வாச்சர் ஆறு மணிக்குப் படலையைப் பூட்டிப்போடுவார். பிந்தினால் வீதியிலதான் படுக்கை."

மாத்தளை வரைக்கும் ஏறுவதும் இறங்குவதுமாக வீதி விளையாட்டுக் காட்டியது. சின்ன இறக்கங்கள்தான். பேணாட் செருப்பை அமர்த்திச் சமாளித்தார். பின்னால் வந்தவர்கள் அதையும் மலை ஓட்டத்தின் ஒரு நுணுக்கம் என்று எண்ணிக்கொண்டார்கள். இக்னேசியஸ் தானும் ஒருமுறை காலைத் தூக்கிப் பார்த்து விழப் பார்த்தான்.

மாத்தளைப் பட்டினத்தில் வீதி இரண்டாகப் பிரிந்தது. பலகையில் இருந்தது பேணாட்டுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. ஐந்து பேரும் அவரையே பார்த்தார்கள். மலை எந்தப் பக்கம் பெரிதாகத் தெரிந்ததோ அந்தப் பக்கம் கையைக் காட்டினார். கண்டி மலையில்தானே இருக்கிறது! மூன்று மைல் நெஞ்சு வெடிக்க ஏறின பிறகு, கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு தோட்டத்துப் பெண் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"கண்டிக்கா போறீங்க? இது றத்தோட்டைக்குல்ல போகுது!"

எல்லாரும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பேணாட் தொண்டையைச் செருமினார். "அந்தக் காலத்தில இதாலதான் போனது. வெள்ளைக்காரன் போன பிறகு எல்லாத்தையும் மாத்திப்போட்டாங்கள்."

சின்னராசா கொப்பியில் என்னவோ அடித்துத் திருத்தினார். இக்னேசியஸ் அத்தானை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பேணாட் அந்தப் பார்வைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார்.

மத்தியானம் தாண்டித்தான் பலகடுவ ஏற்றத்தில் கால் வைத்தார்கள். வளைவு, அதற்கு மேல் வளைவு, அண்ணாந்து பார்த்தால் தாங்கள் போக வேண்டிய வீதியில் ஒரு பஸ் தலைக்கு மேலே ஊர்ந்துகொண்டிருந்தது என்று முனாப் பிறகு எல்லாரிடமும் சொல்லுவார். முதல் வளைவில் சின்னராசா இறங்கித் தள்ளினார். இரண்டாவதில் முனாப். மூன்றாவதில் இக்னேசியஸும் மற்ற இரண்டு பேரும். பேணாட் மட்டும் இறங்கவில்லை. வழி தெரியாதவர்தான், வாயால் மலை ஏறினவர்தான். ஆனால் இரண்டு அந்தர் மீன் பாரத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு கன்னியா மணலில் மிதித்த காலுக்கு, பெட்டி இல்லாத சைக்கிள் பஞ்சாக இருந்தது. எழும்பி நின்று மிதித்தார். வேர்வை கண்ணில் வழிந்தது. பின்னாலிருந்து, "அத்தான்! விடாதேங்கோ!" என்று இக்னேசியஸ் கத்துவது கேட்டது. அந்தக் குரலில் பழைய பள்ளிக்கூடப் பெடியனின் பெருமை இருந்தது. பேணாட்டுக்குச் சந்தோசமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

உச்சியில் அவர் தனியாகப் போய் நின்றார். கிணறு இல்லை. ஒரு தகரக் கொட்டிலும், வீதி வேலைக்காரர் வெட்டிப்போட்ட மரக்கிளைகளும்தான் இருந்தன. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். வீதி வளைந்து வளைந்து கீழே, கீழே, இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது. ஏறின மலையை இறங்கவும் வேண்டும் என்ற சங்கதி பதினாறு வருடக் கதையில் ஒருநாளும் வந்ததில்லை. அவருடைய கதை எப்போதும் உச்சிக் கிணற்றில் தண்ணீர் குடித்தவுடன் முடிந்துவிடும்.

மற்றவர்கள் வருமுன் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று சைக்கிளை மெல்ல விட்டார். இருபது முழம் போகவில்லை, சைக்கிள் அவருடைய பேச்சைக் கேட்க மறுத்தது. செருப்பை டயரில் அமர்த்தினார். றப்பர் எரிந்த மணம் வந்தது. இன்னும் அமர்த்தினார். செருப்பு காலை விட்டுக் கழன்று பறந்தது. "மாதாவே!" என்று கத்திக்கொண்டு சைக்கிளோடு வீதியோரத்தில் மழைத்தண்ணீர் ஓட வெட்டிய புல்லுக் கானுக்குள் போய் இறங்கினார்.

தள்ளிக்கொண்டு வந்த ஐந்து பேரும் உச்சியைத் தாண்டி வந்தபோது கண்டது அதைத்தான். வழிகாட்டி கானுக்குள் இருந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. தலையில் புல்லு.

முனாப் ஓடிவந்து முதலில் பேணாட்டைத் தூக்கினார், பிறகு சைக்கிளைத் தூக்கினார். கைப்பிடியைத் தடவினார். கீழே தடவினார். திரும்பவும் மேலே தடவினார்.

"பேணாட் அண்ணன், எங்க இதுட பிறேக்?"

"கழட்டினது."

"எப்ப?"

"அது... இருபது வருசம் இருக்கும்."

முனாப் சைக்கிளையும் பார்த்தார், கீழே போகிற வீதியையும் பார்த்தார். அவருக்குக் கணக்கு விளங்கிவிட்டது. "அல்லாவே! இந்த மலைய இறங்கித் தெரிஞ்ச மனிசன் பிறேக் இல்லாத சைக்கிளக் கொண்டு திரும்ப வருவானா? உண்மையச் சொல்லுங்க. நீங்க இந்த வழிக்கு முந்தி வந்ததா?"

பேணாட் புல்லைத் தட்டிவிட்டார். இன்னொரு பொய் நாக்கு நுனியில் ஆயத்தமாகத்தான் நின்றது. ஆனால் இக்னேசியஸின் முகத்தைப் பார்த்ததும் அது உள்ளே போய்விட்டது.

"இல்லை. நான் ஒரு நாளும் வரேல்லை. கந்தளாய்க்கு அங்கால எனக்கு ஒண்டும் தெரியாது."

"அப்ப அந்த ஒன்பது நாளும் எங்கையத்தான் போனனீங்கள்?" என்று இக்னேசியஸ் கேட்டான்.

"புல்மோட்டைக்கு. வாடியில படுத்துக் கிடந்தனான்."

முதலில் சின்னராசாதான் சிரித்தார். விசில் வாயில் இருந்தபடியால் சிரிப்பு விசிலாகவே வந்தது. பிறகு முனாப், பிறகு மற்ற இருவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீதியில் குந்தினார்கள். இக்னேசியஸ் சிரிக்கவில்லை.

"இதுக்காக நான் பள்ளிக்கூடத்தில எத்தினை பேரிட்டை அடி வாங்கினனான், தெரியுமோ?"

"தெரியும் தம்பி. அதுதான் எனக்குக் கூட வெக்கம்."

இக்னேசியஸ் சைக்கிள் மணியை ஒருமுறை அடித்தான், என்ன செய்வது என்று தெரியாத மாதிரி. "நான் அக்காவுக்குச் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்லோணும்" என்றான். பிறகு அவனுக்கும் பொறுக்கவில்லை. "புல்மோட்டை!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

சிரித்து முடிய மணி மூன்றரை. கீழே நடந்து தள்ளிக்கொண்டு போனால் கண்டியில் படலை பூட்டிவிடும் என்று சின்னராசா பதறினார். பேணாட் கரியரில் சுற்றியிருந்த கயிற்றைப் பார்த்தார், வெட்டிப்போட்ட கிளைகளைப் பார்த்தார்.

"தம்பி, இழுவை ஓடேக்கை பின்னால கட்டின பாரப் படகு வேகம் கூடிப் போனால் என்ன செய்வியள்?"

இக்னேசியஸுக்குப் பளிச்சென்று விளங்கியது. "கயிற்றில பாரத்தைக் கட்டி நிலத்தில இழுபட விடுவம்!"

இருவருமாக ஒரு தடித்த கிளையை, இலையோடு, மீன்கயிற்றால் சைக்கிளின் பின்னால் கட்டினார்கள். படகுக்காரன் முடிச்சு, மலையே வந்தாலும் கழலாது. பேணாட் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஏறினார். கிளை வீதியைக் கூட்டிக்கொண்டு பின்னால் வந்தது. சைக்கிள் ஒரு நல்ல மாடு போல நிதானமாக இறங்கியது.

அந்த ஊர்வலத்தை அந்த வீதி அதற்கு முன் கண்டிருக்காது. முன்னால் சின்னராசா விசில் ஊதிக்கொண்டு, நடுவில் பேணாட் ஒற்றைச் செருப்போடு றப்பர்க் குழலை அமர்த்திக்கொண்டு, பின்னால் புழுதி, புழுதிக்குள் நாலு பேர் சிரித்துக்கொண்டு. பின்னால் வந்த பஸ்காரன் முந்தவும் மனமில்லாமல் வளைவு வளைவாகக் கூடவே வந்தான். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் பாதி உடம்பை வெளியே விட்டுக் கைதட்டினார்கள். பேணாட் கையசைத்தார். பயம் எந்த வளைவில் போனதென்று அவருக்குத் தெரியாது. குளிர்காற்று முகத்தில் அடித்தது, கீழே வயல் தெரிந்தது, மறைக்க ஒன்றும் இல்லாத மனசு காற்றுப் போல இருந்தது. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோசமாகத் தான் இருந்ததில்லை என்று அவர் நினைத்தார்.

அக்குறணையில் நின்றபோது கிளையில் ஒரு இலை இல்லை, ஒரு முழக் கட்டைதான் மிஞ்சியிருந்தது. கடைவீதி முழுக்கக் கூடிவிட்டது. "என்ன, ஏதும் நேர்த்திக்கடனா?" என்று தேத்தண்ணிக் கடைக்காரர் கேட்டார். "ஓம், பதினாறு வருசத்து நேர்த்தி" என்று முனாப் சொன்னார். அந்தக் கடைக்காரரே எல்லாருக்கும் இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தார். பக்கத்துச் சைக்கிள் கடையில் பழைய பிறேக் ஒன்று தேடி எடுத்து, முனாப் தன் கையாலேயே பூட்டினார். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, படலைக்குள் போய்விட்டார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் பேணாட் கரையில் நின்று நடந்ததை நடந்தபடியே சொன்னார். முந்திப் போகவில்லை என்றும், இந்தமுறைதான் போனேன் என்றும், மரக்கிளையைக் கட்டி மலை இறங்கினேன் என்றும் சொன்னார். ஒருத்தரும் நம்பவில்லை. "முந்தின கதை நல்லாத்தானே இருந்தது. இப்ப ஏன் இப்பிடிப் புளுகுறீர்?" என்று கேட்டார்கள். அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர்களுக்குச் சொன்னது சும்மா ஒத்திகை. சொல்ல வேண்டிய ஆள் வீட்டில் இருந்தாள்.

மரியம்மா குசினியில் சூடை மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். பேணாட் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சாரும், ஒரு கதை. நான் முதல்முறை கண்டிக்குப் போனதெண்டு உம்மட அப்புவுக்குச் சொன்னது... அது பொய்."

மரியம்மா மீனைப் பிரட்டினாள். "தெரியும்."

"இக்னேசியஸ் சொல்லிப்போட்டானோ?"

"அவன் ஏன் சொல்ல? நீங்கள் வந்து நிண்ட அண்டைக்கே தெரியும். உங்கட சைக்கிள் செயின் முழுக்கக் கறுப்பு மண். கண்டியில ஏது புல்மோட்டை மண்?"

செம்போடு வந்து நின்ற அந்தப் பெண் சைக்கிளையே பார்த்தது பேணாட்டுக்கு ஞாபகம் வந்தது. "தெரிஞ்சுகொண்டோ என்னைக் கட்டினனீர்?"

"கண்டிக்குப் போன ஆளையே நான் தேடினனான்? ஒன்பது நாள் ஒளிச்சிருந்து அழுதுபோட்டு, திரும்பி அப்புவின்ர முகத்தில முழிக்க வந்த ஆளைத்தான் எனக்குப் பிடிச்சது." அவள் முகம் நெருப்பு வெளிச்சத்தில் சிவந்திருந்தது. பதினாறு வருடத்தில் அவள் இப்படி ஒன்றைச் சொல்லி அவர் கேட்டதில்லை.

பேணாட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் அவருக்கு உறைத்தது. "அப்ப, தெரிஞ்ச வழிதானே, போட்டு வாங்கோ எண்டு ஏன் என்னைத் துரத்தினனீர்? நான் மலையில செத்திருப்பன்!"

"பதினாறு வருசமா அந்த ஒரு கதை. யானை குட்டி போட்டுப் போட்டு எனக்கும் அலுத்துப்போச்சு. போனால் புதுசா ஒண்டு கொண்டு வருவியள் எண்டுதான் அனுப்பினனான்."

சைக்கிளில் இருந்து அவிழ்த்துக்கொண்டு வந்த கயிறு அவர் கையில் இருந்தது. பாதி தேய்ந்து, நுனி விசிறி போலப் பிய்ந்திருந்தது. மரியம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மீன்காரன் வீட்டுப் பெண்ணுக்குக் கயிறு எதில் உரசித் தேய்ந்தது என்று தெரியாதா? "இது மணலில தேஞ்ச கயிறில்லை" என்றாள். அடுப்பைத் தணித்துவிட்டுக் கதிரையை அவர் பக்கம் தள்ளினாள்.

"இருங்கோ. இருந்து முதல்ல இருந்து சொல்லுங்கோ. அந்தக் கிணறு இருந்ததோ?"

"இல்லை" என்று சொல்லிவிட்டு, பேணாட் உட்கார்ந்து கதையைத் தொடங்கினார்.